வரைபடம் முடிந்தபின் எதற்குக் கூட்டம்?

“ஏரியும் வெள்ளமும் என்ஜினீயர் வேலை, ஊர்க்காரர்களைக் கூட்டிப் பேசினால் காரியம் கெடும்.” தாம்பரம் பக்கம் டீக்கடையிலிருந்து அலுவலகம் வரை இந்தப் பேச்சு. படித்தவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள்.

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. தண்ணீர் எந்தத் தெரு வழியாக முதலில் நுழைந்தது, எந்த மதிலில் முட்டித் திரும்பியது, எத்தனை நாள் வடியாமல் நின்றது என்பதெல்லாம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டைமாடியில் படகுக்குக் காத்திருந்தவர்களுக்கு மனப்பாடம். அவர்களைக் கேட்காமல் போடும் அளவு என்ன அளவு?

சிட்லப்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் குப்பையில் இறங்கிச் சுத்தம் செய்தவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். பிறகுதான் அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. அந்த ஏரி நிரம்பினால் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர வேண்டும். ஓர் ஏரியில் உபரிநீர் வழியும் கலங்கலை அரை அடி உயர்த்தினால் மேலே உள்ள தெருவில் தண்ணீர் தேங்கும். இறக்கினால் கீழே உள்ள ஊர் சண்டைக்கு வரும். கணக்கு மட்டுமா இது? வழக்கும்கூட. வாதியும் பிரதிவாதியும் இல்லாமல் தீர்ப்பு எழுதலாமா?

கான்கிரீட் கால்வாயை ஊரைக் கேட்காமலும் கட்டிவிடலாம். ஏரியையும் செடிகொடியையும் கொண்டே வெள்ளத்தைச் சமாளிக்கலாம் என்று இப்போது பேசப்படும் இயற்கைவழித் தீர்வு அப்படியல்ல. நாணலை நட்டால் மாடு மேய்க்கிறவர் ஒத்துழைக்க வேண்டும். ஏரியைத் தேக்கினால் மீன் பிடிக்கிறவரிடம் சொல்ல வேண்டும். மழைநீர்க் கால்வாயில் கழிவுநீரைத் திருப்பிவிட்ட அடுக்குமாடிக்காரர் கையை எடுக்க வேண்டும்.

“ஆக்கிரமித்தவனும் ஊர்க்காரன்தானே?” என்பார்கள். உண்மைதான். வரத்துக்கால்வாய் மேல் மனை வாங்கி வங்கித் தவணை கட்டுகிறவரையும், கரையில் குடிசை போட்டவரையும் முதலிலேயே கூப்பிடாத திட்டம் முதல் தடையாணையிலேயே படுத்துவிடும்.

ஏரிக்காக ஊர் கூடுவது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் இங்கிருந்து தூரமில்லை. பத்தாம் நூற்றாண்டிலேயே அங்கே ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுத்தார்கள். நிலமும் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே அதில் இடம் என்பது வேறு கதை. அந்த வாசலை நாம் அகலமாக்கியிருக்க வேண்டும், இழுத்துச் சாத்திவிட்டோம்.

தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டு. வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்களைக் கூட்டி ஏரியா சபை நடத்தவும் விதி இருக்கிறது. அடுத்த ஏரியின் படம் பென்சில் கோடாக இருக்கும்போதே அங்கே வரட்டும். முத்திரை குத்திய படத்தைச் சுவரில் மாட்டி, டீயும் பிஸ்கெட்டும் கொடுத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிற கூட்டத்துக்கு எங்களுக்கு நேரமில்லை.