முகவரி படைப்பாகாது

“தேடினால் கிடைத்துவிடும், இதற்கெல்லாம் புத்தகக்குறி எதற்கு?” என்ற கேள்வி இலக்கிய வாசகர்களிடையே இன்று ஏறக்குறைய ஒரு கொள்கையாகவே நிலைபெற்றுவிட்டது. இவர்களுக்கு நேர் எதிரே இன்னொரு சாரார் நிற்கிறார்கள். கண்ணில் படும் ஒவ்வொரு கட்டுரையிலும் உலாவியின் நட்சத்திரக் குறியை அழுத்திவிட்டு, அதை வாசித்தே முடித்துவிட்ட நிறைவோடு அடுத்ததற்கு நகர்கிறவர்கள். பார்வைக்கு எதிரெதிர்க் கட்சிகளாகத் தோன்றினாலும் இரு தரப்பினரும் நம்புவது ஒன்றைத்தான்: படைப்பு எங்கோ ஓரிடத்தில் பத்திரமாக இருக்கிறது, நாம் போகும்போது அங்கேயே இருக்கும். இந்த நம்பிக்கை பொய் என்பதே நம் வாதம். தொகை நூல்களைப் பெற்ற ஒரு மொழியின் வாசகர்கள் இப்படி நம்புவது வெட்கத்துக்குரியது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

முதலில் தேடல் கட்சியினரை எடுத்துக்கொள்வோம். தேடுவதற்கு, தேட வேண்டும் என்ற நினைவு வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் வாசித்த ஒரு கட்டுரை இருந்ததே நமக்கு மறந்துபோயிருந்தால் எந்தச் சொல்லைக் கொண்டு அதைத் தேடுவோம்? நினைவு இருந்தாலும் தமிழில் தேடுவது அத்தனை எளிதன்று. ‘மௌனி’ என்ற பெயரை ஔகார உயிர்மெய்யாக முறைப்படி தட்டச்சு செய்தவர்கள் உண்டு. எகரக் கொம்போடு ளகரத்தைச் சேர்த்து ஒப்பேற்றியவர்களும் பலர் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். தேடுபொறி இரண்டையும் இணைத்துப் பார்க்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இனி, திஸ்கி முதலான பழைய குறியாக்கங்களில் எழுதப்பட்டு, ஒருங்குறிக்கு மாற்றப்படாமல் கிடக்கும் பக்கங்களோ தேடுபொறிக்குத் தமிழாகவே தெரிவதில்லை. அவை புரியாத ரோமானியக் குறிகளின் குவியல்கள். 2000-களின் தொடக்கத்தில் இணையத்துக்கு வந்த தமிழ் எழுத்தில் ஒரு பகுதி இந்த நிலையில்தான் இருக்கிறது.

அடுத்து, நட்சத்திரக் குறிக் கட்சியினர். இவர்கள் சேமிப்பது என்ன? ஒரு வரி முகவரி. அந்த முகவரிக்கு உரிய வீடு நிற்குமா என்பது இவர்கள் கையில் இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகள் கழிந்தபோது கிடைக்கவில்லை. அதே ஆய்வு விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்துப் பார்த்த ஆங்கிலப் பக்கங்களில் 54 விழுக்காட்டில், மேற்கோள் பகுதியில் குறைந்தது ஒரு சுட்டியாவது இறந்துகிடந்தது. பெரு நிறுவனங்களும் திரளான தன்னார்வலர்களும் காவல் காக்கும் ஆங்கிலத்துக்கே இந்தக் கதி. தனி ஒருவரின் ஆண்டுச் சந்தாவில் உயிர் வாழும் தமிழ்ச் சிற்றிதழ்த் தளங்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

சேமித்து வைக்கும் இடங்களாவது நிலைத்தனவா? ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. 2003-இல் தொடங்கிய டெலிஷியஸ், சுட்டிகளைக் குறிச்சொல் இட்டுப் பகிரும் பழக்கத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்தது. கை மாறி, மீண்டும் கை மாறி, 2017-இல் செயலிழந்தது. கூகுள் தன் புத்தகக்குறிச் சேவையை 2021-இல் நிறுத்தியது. ‘பிறகு வாசிக்கலாம்’ என்பதையே தொழிலாகக் கொண்டிருந்த பாக்கெட் 2025 ஜூலையில் கடையைக் கட்டியது. நமக்கு இவற்றினும் நெருக்கமான இழப்பு ஒன்று உண்டு. மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற இலக்கியக் குழுமங்கள் யாகூ குழுமங்களில் இயங்கின. பல எழுத்தாளர்களின் தொடக்க கால எழுத்துகளும், அவற்றை ஒட்டி எழுந்த விவாதங்களும் அங்கேதான் நிகழ்ந்தன. 2020 தொடக்கத்தோடு யாகூ அந்தச் சேமிப்பை அழித்தது. அதே ஆண்டு டிசம்பரில் குழுமங்களையே மூடியது. தனிப்பட்டவர்கள் முன்யோசனையோடு படியெடுத்து வைத்தவை எஞ்சின. முகவரியை மட்டும் வைத்திருந்தவர்களிடம் முகவரி மட்டுமே எஞ்சியது.

இந்தப் பாடம் தமிழுக்குப் புதிதன்று. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ நம் அலமாரிகளில் இருக்கிறது. இன்றைய மொழியில் சொன்னால் அந்நூல் இறந்த சுட்டிகளின் பட்டியல். குறுந்தொகையின் 380 பாடல்களுக்குப் பேராசிரியரும் எஞ்சிய 20 பாடல்களுக்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதினார்கள் என்ற செய்தி நமக்குக் கிடைத்திருக்கிறது, உரை கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் போயின. ஆனால் முத்தொள்ளாயிரத்தைப் பாருங்கள். முழு நூல் மறைந்தும் நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள் இன்று நம் கையில் இருக்கின்றன. எப்படி? புறத்திரட்டைத் தொகுத்தவர் ‘முத்தொள்ளாயிரத்தில் காண்க’ என்று குறித்துவிட்டுப் போகவில்லை, பாடல்களை எடுத்தெழுதினார். தகடூர் யாத்திரையின் சில பாடல்கள் பிழைத்ததும் திரட்டாசிரியரும் உரையாசிரியர்களும் எடுத்தாண்டதால்தான். பெயர் மட்டும் சொல்லப்பட்டவை பெயராகவே நின்றன, எடுத்தெழுதப்பட்டவை வாழ்ந்தன. இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

ஆகவே சேமிப்பது என்றால் படைப்பையே சேமிப்பது. அடுத்த கேள்வி, அடுக்குவது எப்படி என்பது. இங்கேதான் நம் வாசகர்களின் அலட்சியம் உச்சத்தைத் தொடுகிறது. நூற்றுக்கணக்கான சுட்டிகள், ‘புதிய கோப்புறை’, ‘புதிய கோப்புறை 2’, ‘இதர’ என்று பெயர்கள். அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மன் என்ன செய்தான் என்பதை வகுப்பறையில் நாம் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறோம். ஒற்றைப்படை எண்கள் பாலை, 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். 44-ஆம் பாட்டு என்றால் புரட்டாமலே தெரியும், முல்லை என்று. எண்ணே குறிச்சொல். 400 பாடல்களையும் மூன்றாகப் பகுத்து, களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக்கோவை என்று பெயரும் இடப்பட்டது. இந்தப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர், தம் உலாவியில் ‘புதிய கோப்புறை 2’ என்று எழுதிவைப்பதைச் சோம்பல் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

பெயரினும் முக்கியமானது குறிப்பு. புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று ஒரு குறிப்பு நிற்கிறது. அது சிதைந்துபோன பாடல்களின் முன் நாம் எப்படித் திகைத்து நிற்கிறோம் என்பதைப் பாடம் நடத்துகிறவர்கள் அறிவார்கள். உலாவியின் புத்தகக்குறிக்கும் அப்படியோர் அடிக்குறிப்பு தேவை. யார் எழுதியது, எந்த இதழில், எந்த நாளில் வந்தது, நாம் எப்போது பார்த்தோம், எதற்காக எடுத்துவைத்தோம்? ஃபயர்பாக்ஸ் உலாவியில் இதை எழுதுவதற்கென்றே ஒரு விளக்கப் பெட்டி நெடுங்காலம் இருந்தது. 2018-இல் வெளிவந்த 62-ஆம் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். பெரிய கூக்குரல் எதுவும் நம் பக்கம் எழவில்லை. ஏன் சேமித்தோம் என்று எழுதும் இடம் பறிபோனதைக்கூட உணராத அளவுக்கு நாம் அதைப் பயன்படுத்தாமல் இருந்திருக்கிறோம்.

நிறுவனங்களைக் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1994-இல் நெட்ஸ்கேப் தந்த புத்தகக்குறிக் கோப்பின் வடிவம் இன்றும் உயிரோடு இருக்கிறது. குரோமோ ஃபயர்பாக்ஸோ, எதிலிருந்து நம் சுட்டிகளை ஏற்றுமதி செய்தாலும் வரும் கோப்பின் தலைப்பில் அந்தப் பழைய பெயர் அப்படியே நிற்கும். உலாவி மறைந்தது, கோப்பு வடிவம் மறையவில்லை. காரணம் எளியது: அது யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய வெறும் உரைக்கோப்பு. ஒரு நிறுவனத்தின் கணக்குக்குள் பூட்டிவைக்காமல், இத்தகைய எளிய கோப்பாக வீட்டிலேயே வைத்திருப்பவருக்கு எந்த மூடுவிழாவைப் பற்றியும் அச்சமில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? மீண்டும் படிக்கத் தகும் என்று தோன்றும் கட்டுரையை உடனே முழுப் பக்கமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ சேமிக்க வேண்டும். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின் எந்தப் பக்கத்தையும் வேண்டுமென்று கேட்டுப் பதியவைக்க இடம் தருகிறது. அங்கும் ஒரு படி ஏற்ற வேண்டும். தளம் தானாகத் தரும் தலைப்பை அழித்துவிட்டு, ஆசிரியர், கட்டுரை, ஆண்டு என்று நாமே தமிழில் பெயரிட வேண்டும். தளத்தின் பெயரால் அடுக்குவதை விட்டு, நம் வாசிப்பின் கேள்வியால் அடுக்க வேண்டும். ‘மௌனியின் மொழி’ என்பது ஒரு கோப்புறை. ‘நல்ல கட்டுரைகள்’ என்பது கோப்புறை ஆகாது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அனைத்தையும் ஏற்றுமதி செய்து தனி வட்டில் வைக்க வேண்டும். வாரத்துக்கு அரை மணி நேரம் போதும்.

இது பதிப்புரிமை மீறல் அல்லவா என்று கேட்பவர்கள் வருவார்கள். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் தன் 52-ஆம் பிரிவில், ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகைக்கு இடம் தருகிறது. தம் வாசிப்புக்குப் படி வைத்துக்கொள்வது வேறு, பிறர் எழுத்தைத் தம் தளத்தில் ஏற்றுவது வேறு. பின்னதை நாம் பரிந்துரைக்கவில்லை. எல்லாவற்றையும் சேமித்தால் எப்போது வாசிப்பது என்று கேட்பவர்களுக்கு நம் பதில்: எல்லாவற்றையும் சேமிக்காதீர்கள். ஒரு வரி குறிப்பு எழுதும் அளவுக்குக்கூட ஒரு கட்டுரை உங்களைத் தொடவில்லை என்றால் அதை விட்டுவிடலாம். குறிப்பு எழுத வேண்டும் என்ற கட்டாயமே நல்ல சல்லடை.

இதையெல்லாம் தனிமனிதப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. இன்று நம் துறைகளில் சமர்ப்பிக்கப்படும் முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் புரட்டினால், அடிக்குறிப்புகளில் இணைய முகவரிகள் வரிசையாக நிற்கின்றன. கட்டுரைத் தலைப்பு இல்லை, பார்த்த நாள் இல்லை, படி இல்லை. தேர்வாளர் சரிபார்க்கப் போனால் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற அறிவிப்பு வரவேற்கிறது. சான்று காட்ட முடியாத சான்றின் மேல் வாதம் கட்டப்பட்டு, பட்டமும் வழங்கப்பட்டு விடுகிறது. இந்தக் கால்நூற்றாண்டின் தமிழ் எழுத்தில் கணிசமான பகுதி இணையத்தில் மட்டுமே பிறந்தது. அச்சில் வராத கட்டுரைகள், மறுப்புகள், மறுப்புக்கு மறுப்புகள் ஆகியவை இல்லாமல் இக்காலத்தின் இலக்கிய வரலாற்றை எழுத முடியாது. அவற்றைக் காக்கும் அரசு நிறுவனமோ பல்கலைக்கழகமோ தானே வந்து நம் வாசலில் நிற்கப்போவதில்லை.

புறத்திரட்டைத் தொகுத்தவர் யாரென்று தெரியவில்லை. அவர் ஒரு வாசகர் என்பது மட்டும் நிச்சயம். தாம் வாசித்ததில் தமக்கு வேண்டியதை, தமக்குப் பொருந்திய அதிகாரங்களின் கீழ் எழுதிவைத்தார். அந்த அளவு உழைப்பை நாம் யாரிடமும் கேட்கவில்லை. இன்று மாலை உலாவியைத் திறந்து, உங்கள் பட்டியலின் கடைசியில் கிடக்கும் பத்துச் சுட்டிகளை அழுத்திப் பாருங்கள். திறப்பவற்றுக்குப் படி எடுங்கள். திறக்காதவை எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். ‘தேடினால் கிடைத்துவிடும்’ என்பவர்களிடம் அந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.