புது டிஸ்க், பழைய துரு

பக்கத்து வீட்டுத் தம்பி போன சனிக்கிழமை காலையில் இரண்டு பிரேக் டிஸ்க்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, பழசைப் புதுசுன்னு கொடுத்துட்டாங்க போல. துருவைப் பாருங்க."

வியாழக்கிழமை வாங்கியவை. பெட்டியைப் பிரித்துக் கார் நிறுத்தும் இடத்தில் திறந்தபடி வைத்திருக்கிறான். இரண்டு இரவும் மழை. விரலால் தேய்த்தேன், செம்பொடி ஒட்டியது. அடியில் இரும்பு வழவழப்பாக இருந்தது. நகத்தில் தட்டும் பள்ளம் எதுவும் இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்றேன்.

டிஸ்க் என்பது வார்ப்பிரும்பு. பேட் உரசும் முகத்தில் எந்தப் பூச்சும் நிலைக்காது. மலையடிவாரத்தில் இருக்கும் தஞ்சோங் மாலிமின் ஈரக்காற்று பட்டாலே அது சிவந்துவிடும். ஓட்டத் தொடங்கியதும் பேட் அந்தத் துருவை வழித்தெடுத்துவிடும். பள்ளம் விழுந்திருந்தால்தான் மாட்டக்கூடாது.

பயப்பட வேண்டியது கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத இரண்டுக்கு. ஒன்று, வழியில் துருப்பிடிக்காமலிருக்கப் பல டிஸ்க்குகளில் பூசி அனுப்பும் எண்ணெய். அது பேடில் ஊறினால் பிரேக் பிடிக்காது. பேடையே மாற்ற வேண்டிவரும். துருவைப் போக்க எண்ணெய் ஸ்பிரே அடிப்பதும் இதே தவறுதான். பிரேக் கிளீனர் அடித்து, துணியில் கறை வராத வரை துடைக்க வேண்டும். இல்லையென்றால் பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுநீரும் போதும். ஆனால் உடனே ஈரம் போகத் துடைத்துக் காயவைக்க வேண்டும். சில டிஸ்க்குகளின் நடுவிலும் ஓரத்திலும் உள்ள சாம்பல் பூச்சு துருக்காப்பு, அதைச் சுரண்டக்கூடாது.

மற்றொன்று, டிஸ்க் உட்காரும் ஹப். பழைய டிஸ்க்கைக் கழற்றினால்தான் அதன் முகம் தெரியும். அங்கே செதில் செதிலாகத் துரு இருந்தால் புது டிஸ்க் சாய்ந்து உட்காரும். பல கார்களில் டிஸ்க் ஆடலாம் என்று விட்டிருக்கும் அளவு ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமுடி கனம். அதை மீறினால் டிஸ்க் ஒருபக்கமாகத் தேயும்; சில ஆயிரம் கிலோமீட்டரில் பிரேக் மிதிக்கும்போது ஸ்டீரிங் நடுங்கும். பழி டிஸ்க்கின் மேல் விழும்.

தோட்டத்தில் இருந்தபோது அப்பாவின் பாராங் ஒருநாள் வீச்சில் கழன்று பறந்தது. அலகு பளபளவென்றுதான் இருந்தது. மரப்பிடிக்குள் போயிருந்த இரும்பு மட்டும் அரித்துப்போயிருந்தது. நல்லவேளை, எதிரே யாரும் இல்லை. அன்றிலிருந்து பாராங்கைக் கையில் எடுத்தால் அப்பா முதலில் பார்ப்பது பிடியைத்தான்.

2003 முதல் புரோட்டோன் கார்கள் உருவாகிவரும் ஊர் தஞ்சோங் மாலிம். கார் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அவசரத்தில் ஹப்பைத் துடைக்காமல் மாட்டிவிடுவதைப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிட வேலைதான்.

தம்பியின் காரைத் தூக்கி, தாங்கியில் நிறுத்தி, கம்பி பிரஷ்ஷால் ஹப்பைத் தேய்த்தோம். உள்ளங்கை நிறையத் துரு உதிர்ந்தது. புது டிஸ்க்கை மாட்டி, சக்கர நட்டுகளை எதிரெதிராக, சமமாக முறுக்கினோம். காலியான சாலையில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பலமுறை பிரேக் பிடித்துப் பழக்கினான். செம்பொடி மறைந்து டிஸ்க் வெள்ளியாய் மின்னியது.

அடுத்த வாரம் பிள்ளைகளோடு புக்கிட் பிரேசர் போகிறான். அந்த மலை வளைவுகளில் இறங்கும்போது அவன் மிதிக்கும் பிரேக் பிடிக்க வேண்டும். உங்கள் காருக்கு டிஸ்க் மாற்றினால், புதியதை மாட்டும் முன் ஹப்பைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.