நகமும் சதையும், நடுவில் பிளாஸ்டிக்கும்!



நாகரிகம் வளர வளர நகமும் வளருதுங்க! ஒரு காலத்தில் மருதாணி போதும். மிஞ்சினால் ஒரு பாட்டில் நெயில் பாலிஷ். இன்று தாம்பரம் முதல் வேளச்சேரி வரை அழகு நிலையங்களில் நகத்தையே புதிதாகச் செய்து ஒட்டுகிறார்கள். கல்யாணம், காலேஜ் டே என்றால் நம் தோழிகளும் போகிறார்கள். போகட்டும், கேலி பேச நான் வரவில்லை. ஆனால் விலையைக் கேட்கிற நாம், "இது என்ன பொருள்?" என்று கேட்கிறோமா? டிப்ளமோ படிக்கிற நாமே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

கடையில் பெயர்கள் பல இருந்தாலும் முக்கியமானவை நான்கு வகைதான்.

முதலாவது, ஒட்டு நகம். பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், ஹெல்மெட் செய்கிற அதே சரக்கு! பசை வைத்து ஒட்டி, சில நாளில் எடுத்துவிடலாம்.

இரண்டாவது, அக்ரிலிக். பொடியும் திரவமும் சேர்ந்து பாலிமராகி இறுகும். தாத்தாவின் பல்செட்டும் இதே குடும்பம்தான். திரவம் ஈத்தைல் மெத்தக்ரிலேட்டாக இருப்பது நல்லது. மலிவு என்று மெத்தில் மெத்தக்ரிலேட் ஊற்றினால் வம்பு. அது அளவுக்கு மீறி இறுகும். எங்காவது இடித்துக்கொண்டால் ஒட்டிய நகம் உடையாது, சொந்த நகம் பிய்ந்து வரும்! கலப்பில்லாத அந்தத் திரவத்தின் மீது அமெரிக்க அரசு 1974-லேயே நடவடிக்கை எடுத்தது.

மூன்றாவது, ஜெல். புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால்தான் இறுகும். அரைகுறையாக இறுகிய ஜெல் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. பின்னாளில் பல் அடைக்கும்போதுகூடத் தொல்லை தரலாம். ஜெல் இறுக உதவும் டி.பி.ஓ. என்ற ரசாயனத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் தடை செய்துவிட்டது.

நான்காவது, டிப் பவுடர். இதில் பொடியைப் பிடித்துவைப்பது சயனோஅக்ரிலேட், அதாவது நம்ம ஃபெவிக்விக் வகைப் பசை! பலர் விரலை ஒரே டப்பாவில் முக்கினால் சுத்தம் எங்கே இருக்கும்?

எந்த வகையானாலும் பிய்த்து எடுக்காதீர்கள். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். பாழானது முழுசாக மாற ஆறு மாதம் ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகம் வைத்துக்கொள்கிறவர் எப்போதோ ஒரு நாள் போகிறார். வைத்துவிடுகிற பெண்ணோ நாள் முழுக்க அந்தத் தூசியையும் நெடியையும் சுவாசிக்கிறார். அவர் யார்? பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ நம் பக்கத்துத் தெருப் பெண். கைத்தொழில் கற்றுக் குடும்பத்தைத் தாங்குகிறவர். நம் வீட்டில் ஃபீஸ் கட்ட முடியாமல் போயிருந்தால் அந்த நாற்காலியில் நாமும் உட்கார்ந்திருப்போம். ஒர்க்ஷாப்பில் கண்ணாடியும் ஷூவும் இல்லாமல் நம்மை லேத் பக்கம் விடுவதில்லை. அவருக்கு மட்டும் மாஸ்க்கும் கையுறையும் காற்று போக ஒரு ஜன்னலும் வேண்டாமா?

ஆகவே தோழிகளே, கையை நீட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன பொருள்? எப்படிக் கழற்றுவது? வேலை செய்கிறவருக்கு என்ன பாதுகாப்பு? பதில் சொல்லும் கடையில் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். பதில் இல்லையா? மருதாணி இருக்கவே இருக்கிறது!