வாங்கும் இருக்கையும் வட்டிக் கடனும்

சென்ற மாதம் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது, நமக்கு நன்கு அறிமுகமான ஒரு தகப்பனார் தம் கைப்பேசியை நம் முன் நீட்டினார். இங்கிலாந்திலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அவருடைய மகனுக்கு வந்த அனுமதிக் கடிதம் அதில் இருந்தது. பன்னாட்டுக் கொள்முதலும் உலக வணிகமும் பற்றிய ஓராண்டு முதுநிலைப் படிப்பு. “கொள்முதல் என்றால் சாமான் வாங்குவதுதானே காக்கா, அதற்கு ஒரு பட்டமா? அதற்காக வட்டிக்குக் கடன் வாங்கத்தான் வேண்டுமா?” என்று இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டார். முதற்கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டோம். இரண்டாவது கேள்வி நம்முடன் வீடு வரை வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்பது இரவில்தான் நமக்கு உறைத்தது.

நாம் வணிகச் சமுதாயம் என்று பெருமை பேசுகிறோம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை மரைக்காயர்களின் கப்பல்களைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் இன்றும் ஐரோப்பாவுக்குப் போகிறது. ஆயினும் அத்தோலின் விலையையும் தரத்தையும் கெடுவையும் முடிவு செய்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். கடல் கடந்து ஒரு காலணி நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் அமர்ந்திருப்பவர்தாம் பெரும்பாலும் முடிவு செய்கிறார். 1989இல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைத் தடுப்பு இரசாயனத்துக்குத் தடை விதித்தபோது தமிழகத்துத் தோல் பதனிடுவோர் திகைத்து நின்றார்கள். 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், உடலில் படும் தோல் பொருள்களில் ஆறிணைதிறன் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டினாலே விற்க இயலாது. இவையெல்லாம் சட்டங்கள்தாம். எனினும் சட்டம் நம் ஊர்த் தொழிற்கூடத்துக்கு வந்து சேர்வது வாங்குபவர் அனுப்பும் ஆர்டர் தாளின் வழியாகவே. அந்தத் தாளை எழுதும் இருக்கையில் நம் பிள்ளைகள் அமர்ந்தது மிகக் குறைவு. நாம் விற்கப் பழகியவர்கள். வாங்குவதை ஒரு கல்வியாக எண்ணிப் பார்த்ததில்லை.

வளைகுடாவில் ‘பர்ச்சேஸ்’ பிரிவில் வேலை செய்யும் நம் சபுராளிகள் பலர் இதை மறுக்கக்கூடும். பேரம் பேசத் தெரியும், சந்தை தெரியும், அரபியும் தெரியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் மேலாளர் பதவி காலியாகும்போது சி.ஐ.பி.எஸ். சான்று உண்டா என்ற கேள்வி வருகிறது. 1932இல் தோன்றி 1992இல் அரச பட்டயம் பெற்ற பிரிட்டிஷ் கொள்முதல் கழகம் அது. பத்தாண்டு அனுபவம் உள்ளவர், சான்று உள்ள இருபத்தெட்டு வயது இளைஞருக்குக் கீழே மீண்டும் அதே மேசையில் அமர்கிறார். போதாக்குறைக்குச் சவூதியில் கொள்முதல் பணிகளும் உள்நாட்டினருக்கான ஒதுக்கீட்டுக்குள் வந்துவிட்டன. கைப்பழக்கத்தை மட்டும் நம்பிப் பயணம் புறப்படும் காலம் சுருங்கி வருகிறது.

சரி, அங்கே என்னதான் கற்பிக்கிறார்கள்? பன்னாட்டு வணிகச் சபை 1936 முதல் வெளியிட்டு வரும் ‘இன்கோடெர்ம்ஸ்’ விதிகளை எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் பதினொரு விதிகள் உள்ளன. அவற்றுள் சி.ஐ.எஃப். என்ற மூன்றெழுத்து நம் வணிகர்கள் நாள்தோறும் உச்சரிப்பது. துபாயிலுள்ள ஒருவர் சென்னையிலிருந்து ‘சி.ஐ.எஃப். ஜெபல் அலி’ என்று அரிசி வாங்குகிறார். கப்பல் கூலியும் காப்பீடும் விற்பவர் பொறுப்பு. ஆகவே ஜெபல் அலி வந்து சேரும் வரை சரக்கும் அவர் பொறுப்பு என்று வாங்கியவர் நிம்மதியாக உறங்குகிறார். விதியோ வேறு சொல்கிறது: சென்னையில் சரக்கு கப்பலில் ஏறிய அந்தக் கணமே இடர் முழுவதும் வாங்கியவர் தலைக்கு மாறிவிடுகிறது. வழியில் கடல்நீர் புகுந்து அரிசி நனைந்தால் நட்டம் அவருடையது. காப்பீடு இருக்கிறதே என்றால், சி.ஐ.எஃப். விதி விற்பவரிடம் கேட்பது மிகக் குறைந்த ‘சி’ வகைக் காப்பீட்டை மட்டுமே. கப்பல் மூழ்குதல், தீ, மோதல் போன்றவற்றுக்கு அது ஈடு தரும், கடல்நீர் புகுந்து நனைந்ததற்குத் தராது. விரிவான காப்பீடு வேண்டுமென்றால் ஒப்பந்தத்திலேயே கேட்டிருக்க வேண்டும். அல்லது கொள்கலன் சரக்குக்கு ஏற்ற சி.ஐ.பி. விதியைத் தேர்ந்திருக்க வேண்டும். ஓர் எழுத்து மாற்றம்தான். அந்த ஓர் எழுத்தில் ஒரு குடும்பத்தின் மூலதனம் போயிருக்கும்.

வங்கியின் கடன் உறுதிக் கடிதமும் இப்படித்தான். 2007 சூலை முதல் நடைமுறையிலுள்ள யு.சி.பி. 600 விதிகளின்படி வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டுமே. மூட்டையில் அரிசிக்குப் பதில் மணல் இருந்தாலும், மோசடி என்று நீதிமன்றம் குறுக்கிட்டாலன்றி, ஆவணம் சரியாக இருந்தால் பணம் போய்விடும்.

பீட்டர் கிரால்ஜிக் என்பவர் 1983இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை இத்துறை மாணவர்களுக்கு அரிச்சுவடி போன்றது. வாங்கும் பொருள் நமக்கு எவ்வளவு முக்கியம், அது கிடைக்காமற்போகும் அபாயம் எவ்வளவு என்ற இரண்டு அளவுகோல்களை வைத்து நான்கு வகை பிரித்தார். நம் ஊர்க் கல்யாண விருந்தை நடத்தியவர்களுக்கு இது புதிதன்று. உப்பை எங்கும் வாங்கலாம், அதற்கு அலைய வேண்டாம். இறைச்சிக்குப் பெருந்தொகை ஆகும், ஆனால் கடைகள் பல. நின்று பேரம் பேசலாம். ஊரில் ஒருவரிடமே உள்ள பெரிய தேக்சாவின் வாடகை அற்பம்தான். அது கிடைக்காவிட்டால் அடுப்பே எரியாது. பண்டாரியோ பணத்திலும் பெரியவர், மாற்றும் இல்லாதவர். அவரிடம் பேரம் பேசுபவரைவிட உறவைப் பேணுபவரே பிழைப்பார். பெரியவர்கள் அனுபவத்தில் அறிந்ததைக் கணக்கோடும் ஒப்பந்தச் சட்டத்தோடும் சேர்த்துக் கற்பதே இப்படிப்பு. இதை இழிவாக எண்ண வேண்டியதில்லை.

மார்க்கத்தின் பக்கம் திரும்பினால், இது நமக்கு அந்நியமான துறையே இல்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சிகளையும் பற்றியது. விளைச்சலுக்கு முன்பே பணம் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கும் வழக்கம் மதீனாவில் இருந்தபோது, அளவும் எடையும் தவணையும் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வரையறுத்தார்கள். இன்றைய கொள்முதல் பாடத்தில் அளவு, தரம், கெடு என்று முதலில் எழுதக் கற்பிப்பதும் இதைத்தான். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் சரக்கனுப்பிய வணிகர். நம்பகமான ஆளைத் தேர்ந்து ஷாமுக்கு அனுப்பும் முடிவை எடுத்தவர். பெண் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்போருக்கு இதற்குமேல் நாம் சொல்ல எதுவுமில்லை.

இனி அந்த இரண்டாவது கேள்வி.

கொள்முதல் இருக்கை மற்ற இருக்கைகளைப் போன்றதன்று. அங்கே அமர்ந்திருப்பவரைத் தேடி மனிதர்கள் வருவார்கள், வெறுங்கையோடு வருவதில்லை. நாம் அறிந்த ஓர் இளைஞர், பெரும் வட்டிக் கடனில் வெளிநாட்டில் படித்துவிட்டு, ஒரு நிறுவனத்தில் கொள்முதல் அலுவலராகச் சேர்ந்தார். சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போனது. இது ஒரு வழங்குநருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. “உங்கள் இரண்டு தவணையை நான் பார்த்துக்கொள்கிறேன் தம்பி” என்றாராம். இவர் மறுத்துவிட்டார். அடுத்த பெருநாளுக்கு ஒரு விலையுயர்ந்த கைப்பேசி வந்தது. பெருநாள் அன்பளிப்புதானே என்று வாங்கிக்கொண்டார். அதற்கடுத்து வந்தது தவணைதான், இம்முறை மறுக்கவில்லை. தணிக்கையில் பிடிபட்டு வேலை போனது. கடன் மட்டும் போகவில்லை. அவர் கெட்ட பிள்ளை என்று நம்மால் சொல்ல முடியவில்லை. இன்றும் முன்வரிசையில் தொழுபவர்.

ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டிய நிகழ்ச்சியை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்பதே நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய கேள்வியின் சாரம். கொள்முதல் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கு இடையிலான கையூட்டையும் குற்றமாக்கியது. அந்தச் சட்டமும் பாடத்திட்டத்தில் வரும். ஆனால் மாதம் பிறந்தால் கழுத்தைப் பிடிக்கும் தவணையோடு ஒருவரை அந்த இருக்கையில் அமர்த்திவிட்டு, நேர்மையாக இரு என்று தொலைபேசியில் உபதேசிப்பது நியாயமா? வட்டி ஹராம் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. அதோடு இந்தப் படிப்புக்கு வாங்கும் வட்டிக் கடன், பிறகு வரப்போகும் சோதனைக்கும் முன்பணம் கட்டிவிடுகிறது. நிர்ப்பந்தத்தின் சலுகையை இங்கே இழுப்பதும் சரியாகப் படவில்லை. பசித்தவனுக்கு உள்ள நிர்ப்பந்தம் வேறு. இந்த ஆண்டே லண்டன் போக வேண்டும் என்ற அவசரம் வேறு.

அந்த இருக்கையிலிருந்து எழுதப்படும் ஒரு வரி எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் தையல் இயந்திரத்தில் அமர்ந்திருந்த பெண்கள். கட்டடத்தில் விரிசல் விழுந்தது முந்தின நாளே தெரிந்திருந்தும் அவர்களை உள்ளே அனுப்பினார்கள். அவசர ஆர்டர்களும் அடிமாட்டு விலையும் அந்த விரிசலுக்குப் பின்னால் நின்றன.

கடனில்லாத வழி இல்லையா என்றால், இருக்கிறது, மெதுவான வழி. முதலில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு கொள்முதல் பிரிவிலோ சரக்கு அனுப்பும் அலுவலகத்திலோ வேலை பார்க்கலாம். சி.ஐ.பி.எஸ். படிநிலைகளை வேலை செய்துகொண்டே, சம்பளத்திலிருந்து கட்டணம் கட்டி முடிக்கலாம். 1963இல் நிறுவப்பட்ட இந்திய வெளிநாட்டு வணிகக் கழகம் தில்லியிலும் கொல்கத்தாவிலும் காக்கிநாடாவிலும் பன்னாட்டு வணிகத்தில் எம்.பி.ஏ. நடத்துகிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பியர் அல்லாதோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ கேட்கிறது. ஓராண்டுச் செலவுக்குரிய தொகையை முன்கூட்டியே வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதால் அங்கேயும் சேமிப்பு வேண்டும். இங்கிலாந்துதான் என்றால், 2024 சனவரி முதல் பாடவழி முதுநிலை மாணவர்கள் துணையையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்ல முடியாது என்பதைப் புதிதாக மணமானவர்கள் மறக்க வேண்டாம். எங்கே சேர்ந்தாலும் பாடப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒப்பந்தச் சட்டம், சரக்குப் போக்குவரத்து, செலவுக் கணக்கு, பேச்சுவார்த்தை ஆகியவை இல்லாமல் ‘குளோபல்’ என்ற சொல் மட்டும் ஆறு இடங்களில் இருந்தால், அந்தச் சொல்லுக்குத்தான் அத்தனை பவுண்டும்.

வட்டியில்லாக் கடன் யார் தருவார் என்று அந்தத் தகப்பனார் கேட்டபோது நமக்கு வெட்கமாக இருந்தது. ஒரே இரவு விருந்துக்கு இலட்சக்கணக்கில் செலவழிக்கும் குடும்பங்கள் நம் ஜமாஅத்தில் உள்ளன. கல்விக்கு அழகிய கடன் கேட்டால் அதே வீடுகளில் கணக்குப் பிள்ளை ஊரில் இல்லை என்ற பதில் வருகிறது.

மகன் படிப்பை ஓராண்டு தள்ளிப்போட அனுமதி கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினான், கிடைத்தது. இப்போது சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் இருக்கிறான். மூன்று மாமன்மார் சேர்ந்து அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியை வட்டியின்றித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சாட்சிகளில் நாமும் ஒருவர். போன வாரம் பில் ஆஃப் லேடிங்கில் எடை தவறாக இருந்ததைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியதாக வாப்பாவுக்குக் குரல்பதிவு அனுப்பியிருந்தான். அவர் அதை அஸருக்குப் பிறகு நமக்கு இரண்டு முறை போட்டுக் காட்டினார்.