ஐந்தொகையில் மறையும் கடன்

களுவாஞ்சிக்குடி மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் உள்ளது. எழுவான்கரை உழவர் பலருக்கு வயல் படுவான்கரையிலே உண்டு. குருமண்வெளித் துறையிற் படகேறி மண்டூர்ப் பக்கம் செல்லும் உழவர் ஒருவர் விதைப்புக்காக 100,000 ரூபா கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். அறுவடையின்போது அதனைப் பணமாகவோ 20 மூடை நெல்லாகவோ கேட்கும் உரிமை கடன் கொடுத்தவருடையது. மூடை 5,000 ரூபாவாயின் இரண்டும் ஒன்றே. 7,000 ரூபாவாயின் உழவர் கொடுப்பது 140,000 ரூபா. அவ்வுரிமைக்கு ஒரு விலை உண்டென்பதை அவ்வுழவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கற்றறிந்த முகாமையாளர் சிலரே அதனை ஏற்க மறுக்கின்றனர்.

கம்பனியின் பங்காக மாற்றத்தக்க கடனும் இத்தகையதே. 2012 சனவரி முதல் நடைமுறையிலுள்ள இலங்கைக் கணக்கீட்டு நியமம் 32, அக்கடனை இரு கூறாக்குமாறு பணிக்கிறது. நிலையான தொகைக்கு நிலையான எண்ணிக்கைப் பங்குகள் என்றிருப்பின் மாற்றும் உரிமை உரிமையாண்மையைச் சாரும். அவ்விரண்டில் ஒன்றேனும் மாறுமாயின் அது பொறுப்பாகும். பிறிதொன்றின் விலையிலிருந்து தன் பெறுமதியைப் பெறுவதால் அதனைப் பெறுதிப் பொறுப்பு என்பர். ஒவ்வோர் ஐந்தொகைத் திகதியிலும் அதனை நியாயப் பெறுமதியில் மீள அளந்து, வேறுபாட்டை இலாபநட்டத்திற் காட்டல் வேண்டும்.

டொலரிற் பெற்ற கடனை நோக்குக. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மியது. பத்து இலட்சம் டொலர்க் கடன் 20 கோடியிலிருந்து 36 கோடி ரூபாவாயிற்று. பங்குகளின் எண்ணிக்கை மாறாதிருப்பினும் அவற்றுக்கு ஈடான ரூபாத் தொகை நிலையானதன்று. ஆயின், இந்தியா 2015ஆம் ஆண்டில் அறிவித்த தன் நியமத்தில் இதற்கு விலக்களித்தது. மாற்று விலை எந்நாணயத்தில் நிலையாக இருந்தாலும் போதும், அவ்வுரிமை உரிமையாண்மையே என்றது. சர்வதேச நியமம் இதனை ஏற்பதில்லை. பொறுப்பின் பெயரை மாற்றினால் பொறுப்பு நீங்கிவிடுமா?

பணம் வெளியேறாத நட்டம் வெறும் ஏட்டு நட்டம் என்பர். தேய்மானத்திலும் பணம் வெளியேறுவதில்லை. அதனை எவர் விலக்கினர்? பெறுமதி வெறும் மதிப்பீடே என்பர். ஐயக்கடன் ஏற்பாடும் மதிப்பீடே. பங்கு விலை உயர்கையில் நட்டங் காட்டுவது முரண் என்பர். நெல் விலை உயர்கையிற் கடன்பட்ட உழவரின் சுமை கூடுவதும் அவ்வாறான முரணோ? மதிப்பீடு ஐயத்திற்குரியதாயின் அதன் எடுகோள்களை வெளியிடுக; மௌனம் அதற்கு மருந்தன்று.

இது கணக்காளரின் சொற்போர் மட்டுமன்று. களுவாஞ்சிக்குடிக் கடையொன்றில் வேலைசெய்பவரின் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளி செலுத்தும் 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதியைச் சேரவேண்டும். அந்நிதியின் ஒரு பகுதி கம்பனிப் பங்குகளில் இடப்பட்டுள்ளது. ஐந்தொகையில் மறைக்கப்படும் பொறுப்பு ஈற்றில் அவர் தலையிலேயே விழும். தன் கடனை மூடைக் கணக்கில் அறிந்த உழவருக்குள்ள நேர்மையையேனும் கம்பனிகளிடம் கேட்பது மிகையாகாது.