ஒரு நாள் மட்டும் நல்ல ஜீப்

உயரம் ஏற்றி, பெரிய டயர் போட்ட ஜீப் போனால் யாருமே திரும்பிப் பார்ப்போம். 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும்போதுதான் சிக்கல்.

கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தப்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே.

ஆனால் நடப்பது என்ன? பழைய டயரையும் ஸ்பிரிங்கையும் மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாளே கழற்றிவிடலாம். உயரம் கூடினால் வளைவில் வண்டி கவிழும் அபாயம் கூடும். டயர் பெரிதானால் பிரேக்குக்கு வேலை அதிகம், ஸ்பீடோமீட்டரும் வேகத்தைக் குறைத்துக் காட்டும். சோதிக்க வேண்டிய இதையெல்லாம் யாரும் சோதிப்பதே இல்லை!

முண்டியம்பாக்கத்தில் நெடுஞ்சாலை ஓரமாகவே சர்க்கரை ஆலையும் அரசு மருத்துவமனையும் இருக்கின்றன. கரும்பு டிராக்டர் திடீரென்று குறுக்கே வந்தால், சோதிக்காத பிரேக்கை நம்பித்தான் எல்லார் உயிரும்.

ஜெர்மனியில் செய்த மாற்றத்தை நிபுணர் சோதித்து, பிறகு வண்டியின் ஆவணத்தில் பதிகிறார்கள். இங்கேயும் அப்படி ஒரு வழி வேண்டும். நடந்து போகிறவரை இடித்துக் கொல்லும் இரும்பு பம்பருக்கு மட்டும் சலுகையே கூடாது.

ஒளிக்க வைக்கும் சட்டத்தைவிட, காட்ட வைக்கும் சட்டம்தான் பாதுகாப்பு. என்ன சொல்கிறீர்கள்?