பையை அவிழ்க்கும் முன் குஞ்சைப் பாருங்கள்

மீன் வளர்க்க அரசு பணம் தருகிறது. குட்டை வெட்ட, குஞ்சு வாங்க, தீவனம் போட என்று எல்லாவற்றுக்கும் உதவி உண்டு. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதமும் மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் குட்டையில் விடும் குஞ்சு நோயோடு வருகிறதா என்று விற்கும் இடத்திலோ வாங்கும் இடத்திலோ யாரும் சோதித்து நான் கண்டதில்லை. இந்த ஒரு ஓட்டையை அடைக்காவிட்டால் கொட்டும் பணமெல்லாம் மீன் பேனுக்குத்தான் தீனி.

நான் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை வட்டாரத்தில் கோமாரி தடுப்பூசி போடாத தெரு எனக்குக் கிடையாது. சொரக்காய்பேட்டைப் பக்கம் கரும்பு போட்டிருந்த நிலத்தில் ஒரு மூலையைக் குட்டையாக்கி கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். மாட்டையும் மீனையும் ஒருசேரப் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

மீன் பேன் நண்டு, இறால் இனத்தைச் சேர்ந்த ஓர் ஒட்டுண்ணி. தட்டையான உடம்பு, பெரியது அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். தலையின் அடியில் இரண்டு உறிஞ்சு வட்டங்கள். அவற்றால் மீனின் மேல் அப்பிக்கொண்டு, ஊசி போன்ற உறுப்பால் தோலைக் குத்தி ரத்தத்தையும் உடல்நீரையும் குடிக்கிறது. ஒரு மீனை விட்டு இன்னொன்றுக்கு நீந்திப் போகவும் அதற்குத் தெரியும். நம் கெண்டை வகைகளில் அதிகம் அடிபடுவது ரோகு. பேன் பிடித்த மீன் கல்லிலும் கம்பிலும் உரசும், துள்ளும், தீவனத்தைத் தொடாது. செதில் உதிர்ந்து சிவப்புப் புள்ளி விழும். அந்தப் புண் வழியாக பாக்டீரியாவும் பூஞ்சையும் நுழையும். மீன் சாகாமல் தப்பினாலும் எடை ஏறாது. புள்ளி விழுந்த மீனைச் சந்தையில் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். கெண்டை வளர்ப்பில் இந்தப் பேனால் நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 300 கோடி ரூபாய் இழப்பு என்று புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2013-ல் கணக்கிட்டார்கள்.

பேன் குட்டைக்கு எப்படி வருகிறது? பெரும்பாலும் ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில், குஞ்சோடு சேர்ந்துதான். ஆந்திர எல்லை எங்களுக்குக் கூப்பிடு தூரம். அந்தப் பக்கத்திலிருந்தும் குஞ்சு வருகிறது, இந்தப் பக்கத்துப் பண்ணைகளிலிருந்தும் வருகிறது. லாரியோ ஆட்டோவோ வந்து நிற்கும். பையை எண்ணி இறக்குவார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பத்து மாட்டை வெளியூரிலிருந்து ஓட்டி வந்தால், எங்கிருந்து வருகிறது, ஊசி போட்டாயிற்றா என்று கேட்க ஆள் உண்டு. ஆயிரக்கணக்கான குஞ்சு இறங்கும்போது கேட்க ஆள் இல்லை.

பேன் வந்த பிறகு நடப்பது இன்னும் மோசம். என்னை ஊரில் இப்போதும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன கோடையில் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் வந்து, "சார், மாட்டு உண்ணிக்கு அடிக்கிற மருந்துதான் இதுக்கும்னாங்க, ஊத்திட்டேன்" என்றான். "எவ்வளவு ஊத்தினே?" என்று கேட்டேன். "மூடியால ஒரு குத்துமதிப்பா சார்" என்றான். குட்டை நீரின் அளவு அவனுக்குத் தெரியாது; அளக்கக் கற்றுக்கொடுத்தவர் யாரும் இல்லை. அந்த மருந்து டெல்டாமெத்ரின். மீன் பேனையும் அது கொல்லும் என்பது உண்மை. அளவு கொஞ்சம் மீறினாலும் மீனையே கொல்லும் என்பதும் உண்மை. நண்டு, இறால், நீர்ப்பூச்சி என்று குட்டையில் உள்ள மற்ற உயிர்களுக்கு அது நஞ்சு. அளவு குறைந்தால் பேன் சாகாது. திரும்பத் திரும்ப ஊற்றினால் மருந்தை எதிர்த்துப் பிழைக்கும் பேன்கள் மட்டுமே மிஞ்சும். நார்வே, ஸ்காட்லாந்து, சிலி நாடுகளின் சால்மன் பண்ணைகளில் கடல் பேனுக்கு எதிராக இதே வகை மருந்துகளைப் பயன்படுத்தி, அவை பலனிழந்து போன அனுபவம் உலகத்துக்கு இருக்கிறது.

ஒருவர் குட்டையில் ஊற்றியது அவர் குட்டையோடு நிற்பதும் இல்லை. லவா, குசா ஆறுகள் சேர்ந்து கொசஸ்தலையாகும் ஊர் எங்களுடையது. மழைக்காலத்தில் ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் நெடியம், சொரக்காய்பேட்டை தரைப்பாலங்கள் மூழ்கும். கரையோரக் குட்டைகள் வழிந்து ஆற்றோடு ஒன்றாகிவிடும். அந்த ஆறு பூண்டி ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து சென்னையின் குழாய்களுக்குப் போகிறது. எங்கள் குட்டைப் பேனும் குட்டை மருந்தும் பயணம் போகும் பாதை அதுதான்.

வாசலில் நிறுத்த வேண்டியதை வீட்டுக்குள் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா, கனடா எல்லையில் உள்ள பெரும் ஏரிகள் சாட்சி. அட்லாண்டிக் கடலோரத்தில் கடல் லாம்ப்ரே என்று ஓர் உயிர் உண்டு. பார்க்க விலாங்கு போல இருக்கும், தாடை கிடையாது, வட்டமான வாய் நிறையப் பற்கள். பெரிய மீனின் விலாவில் அப்பிக்கொண்டு தோலைச் சுரண்டி ரத்தம் குடிக்கும். நயாகரா அருவி குறுக்கே நின்றதால் அதனால் மேல் ஏரிகளுக்குப் போக முடியவில்லை. கப்பல் போக அருவியைச் சுற்றி வெல்லண்ட் கால்வாய் வெட்டினார்கள். 1919-ல் அதைச் சீரமைத்த பின், 1921-ல் ஈரி ஏரியில் லாம்ப்ரே தென்பட்டது. 1938-க்குள் சுப்பீரியர் ஏரி வரை போய்விட்டது. அது வளர்ந்து திரியும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லாம்ப்ரே 18 கிலோ மீன் வரை கொல்லும். வலைக்காரர்களுக்குச் சோறும் தூண்டில்காரர்களுக்குப் பெருமையுமாக இருந்த ஏரி ட்ரவுட் மீன், மேல் ஏரிகளில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி பவுண்டு பிடிபட்டு வந்தது. 1960-களின் தொடக்கத்தில் மூன்று லட்சம் பவுண்டுக்கு இறங்கிவிட்டது.

அதன் பின் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு 1955-ல் ஓர் ஆணையம் அமைத்தன. ஏறக்குறைய 6,000 வேதிப்பொருள்களைச் சோதித்து, லாம்ப்ரேயின் புழுப்பருவத்தைக் கொன்று மற்ற மீன்களைப் பெரும்பாலும் விட்டுவைக்கும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 1958 முதல் ஆறுகளில் அதை விட்டு, லாம்ப்ரேயை 90 சதவீதம் குறைத்தார்கள். இன்றும் ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் செலவாகிறது. கொரோனா காலத்தில் இரண்டு ஆண்டு வேலை தடைப்பட்டதும் லாம்ப்ரே மறுபடி பெருகியது. ஒரு கால்வாயில் தடுக்காததற்கு நூறு ஆண்டாகக் கட்டிக்கொண்டிருக்கும் வட்டி இது.

நம் ஆறுகளில் லாம்ப்ரே கிடையாது. ஆனால் நோய் நுழைந்து பரவிய கதை நம்மிடமும் உண்டு. 1988-ல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக நுழைந்த புண் நோய் சில ஆண்டுகளில் தமிழ்நாடு வரை வந்து விராலைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000-த்தில் தடை செய்தும் அதைத் திருட்டுத்தனமாக வளர்ப்பது நின்றபாடில்லை. உத்தரவு காகிதத்தில் இருந்து, குஞ்சு கைமாறும் இடத்தில் ஆள் இல்லையென்றால் இப்படித்தான் ஆகும்.

குஞ்சைச் சோதித்தால் விலை கூடும் என்பார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் சில குஞ்சுகளை எடுத்து, தோலையும் செவுளையும் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு மணிக்கணக்கு ஆகாது. வெள்ளத்திலும் பேன் வருமே, சோதித்து என்ன பயன் என்பார்கள். வெள்ளம் ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. குஞ்சு லாரி எத்தனையோ முறை வருகிறது. இளம் பேன் கண்ணுக்குத் தப்பிவிடுமே என்பது மட்டும் நியாயமான கேள்வி. அதனால்தான் சோதனை விற்குமிடத்தில் தொடங்கி, வாங்கியவர் குட்டையிலும் தொடர வேண்டும் என்கிறேன்.

அதற்கு வேண்டியதெல்லாம் நம் மாவட்டத்திலும் பக்கத்திலும் இருக்கிறது. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மாதவரத்தில் மீன் நோய் ஆய்வகம் இருக்கிறது. நோயைத் தெரிவிக்க 2023-ல் மத்திய அரசு கைப்பேசிச் செயலி ஒன்றை வெளியிட்டது. இல்லாதது, இவற்றுக்கும் குட்டைக்கும் நடுவில் நிற்கும் ஆள். ஒன்றியத்துக்கு ஒரு கால்நடை மருந்தகத்தில் ஒரு நுண்ணோக்கி வையுங்கள். அங்கே இருக்கும் ஆய்வாளருக்கு மீன்வளக் கல்லூரியில் சில வாரம் பயிற்சி கொடுங்கள். சாணியில் புழு முட்டை பார்த்துப் பழகிய கண்ணுக்கு மீன் பேன் பார்ப்பது கஷ்டமில்லை, நானே பார்த்துவருகிறேன். குஞ்சு விற்பவர் எந்தப் பண்ணைக் குஞ்சு, எந்த நாளில் சோதித்தது என்று ஒரு சீட்டு தரவேண்டும். அரசுப் பண்ணைகள் முதலில் தொடங்கட்டும். மானியத்தில் வாங்கும் குஞ்சுக்குச் சீட்டு கட்டாயம் என்று வைத்தால் மற்றவர்கள் தானாக வழிக்கு வருவார்கள்.

நாமும் செய்ய வேண்டியது இருக்கிறது. பேன் தன் முட்டையை மீன் மேல் இடுவதில்லை. கல், கம்பு, பாட்டில் போன்ற கெட்டியான பொருளில் வரிசையாக ஒட்டி வைக்கிறது. நம் வெயிலில் இரண்டு மூன்று வாரத்தில் பொரிந்துவிடும். ஆகவே குட்டையில் மூங்கில் தப்பைகளை நட்டு வையுங்கள். வாரம் ஒரு முறை எடுத்து வெயிலில் நன்றாகக் காயவைத்துத் திரும்ப நடுங்கள். முட்டை காய்ந்து செத்துவிடும், மருந்துச் செலவு இல்லை. பொரிந்த குஞ்சுப் பேனுக்குச் சில நாளில் மீன் கிடைக்காவிட்டால் பிழைக்காது. அறுவடை முடிந்ததும் தண்ணீரை வடித்து, தரை வெடிக்கும் வரை காயவிட்டு, சுண்ணாம்பு போடுங்கள். தண்ணீர் கிடைக்கிறதே என்று ஆண்டு முழுவதும் காயவிடாத குட்டையில் பேன் நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

மழை முடிந்து ஏரி, குட்டைகளில் குஞ்சு விடும் பருவம் வரப்போகிறது. வாங்கப் போகிறவர்கள் ஒரு வெள்ளைத் தட்டும் ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பையிலிருந்தும் கொஞ்சம் குஞ்சைத் தட்டில் விட்டுப் பாருங்கள். பேன் ஓடினால் பையைத் திருப்பி அனுப்புங்கள். பக்கத்துக் குட்டைக்காரருக்கும் சொல்லுங்கள். நாலு ஊர்க்காரர்கள் பையைத் திருப்பி அனுப்பினால் விற்பவர் தானே சோதித்துக் கொண்டுவருவார். சோதிக்கும் பொறுப்பை அரசு ஏற்கும் வரை நாம் அதைக் கையில் எடுப்போம். ஏற்கவேண்டிய பொறுப்பு அரசுடையது என்பதையும் விடாமல் கேட்போம்.